மறதியிலிருந்து மீண்ட வீரர்

நுழையும்முன்

ஓட்டப்பந்தயத்தில் நேரத்தை அளக்கும் கடிகாரம், ஓடுபவரின் நிறத்தையோ நாட்டையோ பார்ப்பதில்லை. அக்கடிகாரம் காட்டிய நேரத்தை ஏட்டில் எழுதுவதும் எழுதியதை நினைவில் வைத்துப் போற்றுவதும் மனிதர்களின் பணி. அந்தப் பணியில் அவர்கள் தவறும்போது, உலகம் வியந்த ஒருவர்கூடப் பெயரற்ற மண்மேட்டின் கீழ் மறைந்துபோக நேரிடுகிறது. ஆப்பிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தின் ஓட்டக்களத்திலும் கால்பந்துத் திடலிலும் புகழ்பெற்று, பின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக மறைந்த ஆர்தர் வார்ட்டனின் வாழ்க்கை இவ்வுண்மையை உணர்த்துகிறது.

பிறப்பும் பெற்றோரும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கடற்கரையில் அமைந்துள்ள கானா நாடு, ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் கோல்டு கோஸ்ட், அதாவது தங்கக் கடற்கரை என்று அழைக்கப்பட்டது. அம்மண்ணில் கிடைத்த பொன்னே அப்பெயருக்குக் காரணம். அங்கு அக்ரா நகரின் ஜேம்ஸ்டவுன் பகுதியில் 1865ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் ஆர்தர் வார்ட்டன் பிறந்தார்.

அவருடைய தந்தை ஹென்றி வார்ட்டன், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான கிரெனடாவில் பிறந்தவர். ஸ்காட்லாந்து மரபும் ஆப்பிரிக்க மரபும் கலந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். மெதடிஸ்ட் திருச்சபையின் போதகராகக் கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்கு வந்து, பல்லாண்டுகள் அங்கே சமயப் பணியாற்றினார். தாயார் ஃபாண்டி இன அரச குடும்பத்தின் வழிவந்தவர். இவ்வாறு மூன்று நிலப்பகுதிகளின் மரபுகள் ஒருங்கே சேர்ந்த இல்லத்தில் ஆர்தர் வளர்ந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே தந்தையார் காலமானார்.

அவர் பிறந்த காலம், ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்க மண்ணைத் தமக்குள் பங்கிடத் தொடங்கிய காலமாகும். கோல்டு கோஸ்டை 1874இல் பிரிட்டன் தன் குடியேற்ற நாடாக அறிவித்தது. 1884-85இல் பெர்லினில் கூடிய ஐரோப்பிய அரசுகள், ஆப்பிரிக்கரின் ஒப்புதல் இல்லாமலேயே அக்கண்டத்தில் தத்தம் உரிமைகளுக்கான விதிகளை வகுத்துக்கொண்டன. பிறரை ஆள்வதற்கு அவர்களைத் தம்மினும் தாழ்ந்தவர்களாகக் காட்டுவது ஆள்வோருக்குத் தேவையாக இருந்தது. கறுப்பின மக்கள் அறிவிலும் உடலாற்றலிலும் குறைந்தவர்கள் என்னும் கருத்து, ஆய்வுண்மை போலவே நூல்களிலும் இதழ்களிலும் பரப்பப்பட்டது. இக்கருத்து ஓங்கியிருந்த நாட்டிற்குத்தான் இளைஞர் ஆர்தர் கல்வி தேடிச் சென்றார்.

கல்வி தேடிய பயணம்

தந்தையின் வழியில் ஆர்தரும் சமயப் பணியாளராகவோ ஆசிரியராகவோ ஆக வேண்டும் என்பதே குடும்பத்தின் விருப்பம். சிறுவயதில் சில ஆண்டுகள் இலண்டனில் பயின்ற அவர், தாயகம் திரும்பிய பின், 1880களின் முற்பகுதியில் மீண்டும் இங்கிலாந்துக்குச் சென்றார். முதலில் கேனக் என்னும் ஊரிலும், பின்னர் வடகிழக்கு இங்கிலாந்தின் டார்லிங்டன் நகரிலிருந்த கிளீவ்லாண்டு கல்லூரியிலும் பயின்றார்.

டார்லிங்டன், இருப்புப்பாதை வரலாற்றில் பெயர்பெற்ற தொழில்நகரம். நீராவி எந்திரத்தைக் கொண்டு பொதுமக்களுக்காக இயங்கிய முதல் இருப்புப்பாதை 1825இல் அந்நகரை இணைத்தே தொடங்கப்பட்டது. ஆலைத் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை பிற்பகலில் ஓய்வு கிடைக்கத் தொடங்கிய அக்காலத்தில், ஓட்டமும் கிரிக்கெட்டும் கால்பந்தும் அத்தகைய நகரங்களில் விரைந்து வளர்ந்தன. சமயக் கல்விக்காக அனுப்பப்பட்ட ஆர்தரின் மனம் விளையாட்டுத் திடலை நாடியது. ஓட்டம், கிரிக்கெட், மிதிவண்டி, கால்பந்து எனத் தொட்ட துறைதோறும் அவர் சிறந்து விளங்கினார். குடும்பம் வகுத்துத் தந்த பாதையா, தம் உடலும் உள்ளமும் நாடிய பாதையா என்னும் கேள்வி எழுந்தபோது, அவர் இரண்டாவதையே தேர்ந்தார். அத்தேர்வு அவருக்குப் பெரும்புகழைத் தந்தது. பிற்காலத்தில் பெருந்துயரையும் தந்தது.

பத்து வினாடிகள்

1886ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், இலண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் திடலில் இங்கிலாந்தின் தொழில்சாரா தடகள வீரர்களுக்கான தேசியப் போட்டிகள் நடைபெற்றன. இன்று செல்சி கால்பந்து அணியின் தாயகமாக விளங்கும் அத்திடல், அந்நாளில் ஓட்டப் போட்டிகளுக்கே உரியதாக இருந்தது. நூறு கெஜ ஓட்டம் அப்போட்டிகளுள் பெரும் எதிர்பார்ப்புக்குரியது. நூறு கெஜம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர் தொலைவாகும்.

அந்நாளைய ஓட்டக்காரர்களுக்கு இன்றுள்ள வசதிகள் எவையும் இல்லை. செயற்கை ஓடுதளம் இல்லை. காலை ஊன்றி உந்திப் புறப்பட உதவும் கட்டைகள் இல்லை. நேரத்தை நுணுகிப் பதியும் மின்கருவிகளும் இல்லை. கையில் கடிகாரம் ஏந்திய நடுவர்களின் கண்களே எல்லாவற்றையும் தீர்மானித்தன. அத்தகைய களத்தில் இருபது வயதே நிரம்பிய வார்ட்டன் இறுதிப் போட்டியில் முதலாவதாக வந்தார். நடுவர்களின் கடிகாரம் சரியாக 10 வினாடிகளைக் காட்டியது. அத்தேசியப் போட்டிகளின் வரலாற்றில் நூறு கெஜத்தைப் பத்து வினாடிகளில் கடந்த முதல் வீரர் அவரே. தொழில்சாரா வீரர் ஒருவரின் உலகச் சாதனையாகவும் அது போற்றப்பட்டது. மறு ஆண்டும் அதே பட்டத்தை அவர் வென்றார்.

ஆப்பிரிக்க மண்ணின் மைந்தர் ஒருவர் பிரிட்டன் பேரரசின் தலைநகரிலேயே, அனைவரும் காண, அந்நாட்டின் சிறந்த ஓட்டக்காரர்களை முந்தினார். கறுப்பினத்தாரைத் தாழ்வாகக் கருதிய கோட்பாட்டிற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறொன்று இருந்திருக்க முடியாது.

கோல் கம்பங்களுக்கு நடுவே

ஓட்டத்தில் இத்துணை விரைவுள்ள ஒருவர், கால்பந்தாட்டத்தில் முன்களத்தில் நின்று பந்தைக் கடத்திச் செல்வார் என்றே எவரும் எண்ணுவர். வார்ட்டனோ பெரும்பாலும் இலக்குக் காவலராகவே விளையாடினார். எதிரணியினரின் பந்து கோலுக்குள் புகாமல் தடுப்பதே இலக்குக் காவலரின் கடமை. டார்லிங்டன் அணிக்காக அவர் ஆடிய ஆட்டங்கள், வட இங்கிலாந்தின் வலிமைமிக்க அணிகளுள் ஒன்றான பிரஸ்டன் நார்த் எண்டின் கவனத்தை ஈர்த்தன. 1886இல் அவ்வணி அவரைச் சேர்த்துக்கொண்டது.

அந்நாளைய இலக்குக் காவலரின் பணி இன்றைய நிலையினும் கடுமையானது. கையுறைகள் வழக்கத்தில் இல்லை. பந்து கனத்த தோலால் ஆனது. மழையில் நனைந்துவிட்டால் அதன் எடை மேலும் கூடும். பந்தைக் கையில் வைத்திருக்கும் காவலரைத் தோளால் மோதி, பந்தோடு சேர்த்துக் கோலுக்குள் தள்ளுவதுகூட விதிமீறலாகக் கருதப்படவில்லை. ஆகவே காவலருக்கு விரைவும் வலிமையும் மட்டுமன்றி அஞ்சாமையும் தேவைப்பட்டன.

வார்ட்டனிடம் இம்மூன்றும் இருந்தன. தாவி வந்து முட்டியால் பந்தைக் குத்தி வெகுதொலைவு அனுப்புவதில் அவர் வல்லவர். கம்பத்தின் ஓரத்தில் பதுங்கி அமர்ந்திருந்து, பந்து வரும் இறுதி நொடியில் பாய்ந்து தடுப்பது அவருடைய தனிப்பாணி. ஒருமுறை, குறுக்குக் கம்பத்தைப் பற்றித் தொங்கியவாறே, வந்த பந்தைத் தம் கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டார் என்றும், பாய்ந்து வந்த எதிரணியினர் மூவர் நிலைதடுமாறிக் கோலுக்குள் விழுந்தனர் என்றும், அவ்வாட்டத்தைக் கண்ட ஒருவர் பல்லாண்டுகளுக்குப் பின் நினைவுகூர்ந்துள்ளார். மக்கள் ஆட்டத்தைக் காண வந்தனர். அவரைக் காண்பதற்காகவே வந்தவர்களும் அவர்களுள் உண்டு.

தெரிந்து தெளிவோம்

கால்பந்தாட்டத்தின் தொடக்கக் காலத்தில் இலக்குக் காவலர், கோலுக்கு முன்னுள்ள பகுதியில் மட்டுமன்றித் தம் அணிக்குரிய பாதித் திடல் முழுவதிலும் பந்தைக் கையால் தொடலாம். 1912இல்தான் இவ்வுரிமை தண்டப் பரப்புக்குள் மட்டும் எனச் சுருக்கப்பட்டது. விளையாடுவதற்கு ஊதியம் பெறுவதை இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1885இல்தான் ஏற்றுக்கொண்டது. 1888இல் 12 அணிகள் ஒன்றுகூடிக் கால்பந்து லீக் என்னும் தொடர்போட்டியைத் தொடங்கின. உலகெங்கும் நடைபெறும் லீக் போட்டிகளுக்கு அதுவே முன்னோடி.

கைநழுவிய வாய்ப்பு

1886-87ஆம் ஆண்டுப் பருவத்தில் பிரஸ்டன் அணி, கால்பந்துச் சங்கக் கோப்பையின் அரையிறுதி வரை முன்னேறியது. அவ்வாட்டத்தில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியிடம் 3-1 என்ற கணக்கில் தோற்றாலும், நாட்டின் முதல்நிலை அணி ஒன்றின் இலக்குக் காவலர் என்னும் பெருமை வார்ட்டனுக்குக் கிடைத்தது. இங்கிலாந்தின் தேசிய அணியில் அவருக்கு இடமளிக்கலாம் என்று பேசியவர்களும் இருந்தனர். அந்த அழைப்பு ஒருநாளும் வரவில்லை.

ஓட்டப் போட்டிகளில் முழுக்கவனம் செலுத்த விரும்பிய வார்ட்டன், 1888இல் பிரஸ்டன் அணியைவிட்டு விலகினார். அவ்வாண்டிலேயே கால்பந்து லீக் தொடங்கியது. முதல் பருவத்தில் ஆடிய 22 லீக் ஆட்டங்களுள் ஒன்றில்கூடத் தோற்காமல் பிரஸ்டன் அணி பட்டம் வென்றது. சங்கக் கோப்பைப் போட்டிகளில் எதிரணிக்கு ஒரு கோல்கூடக் கொடுக்காமல் அக்கோப்பையையும் கைப்பற்றியது. வெல்ல முடியாதவர்கள் என்று இன்றும் வரலாறு போற்றும் அவ்வணியின் பெயர்ப்பட்டியலில் வார்ட்டன் இல்லை. சில மாத இடைவெளியில் எடுத்த ஒரு முடிவு, அவரை வரலாற்றின் மையத்திலிருந்து விளிம்புக்கு நகர்த்தியது.

தொழில்முறை வீரர்

அக்காலத்தில் பணத்திற்காக ஓடுவோரும், பணம் பெறாது ஓடுவோரும் இருவேறு பிரிவினராகக் கருதப்பட்டனர். பரிசுப்பணம் பெற்றுவிட்ட ஒருவர் தொழில்சாரா வீரர்களுக்கான தேசியப் போட்டிகளில் மீண்டும் பங்கேற்க இயலாது. வசதி படைத்தோர் பணம் பெறாது ஓடலாம். உழைத்து உண்பவர்க்கு அது எளிதன்று. வார்ட்டன் பரிசுப்பண ஓட்டங்களில் கலந்துகொள்ளத் தொடங்கினார். ஷெஃபீல்டு நகரில் பெருந்திரளான மக்கள் கூடும் புகழ்பெற்ற ஓட்டப் போட்டியில் 1888இல் வெற்றி பெற்றார்.

1889இல் ராதர்ஹாம் டவுன் அணி அவரை ஊதியம் பெறும் வீரராகச் சேர்த்துக்கொண்டது. உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று அவர் இன்று போற்றப்படுவதற்கு இந்நிகழ்வே அடிப்படை. அவருக்கு முன்பே கறுப்பின வீரர்கள் கால்பந்துத் திடலில் புகழ்பெற்றிருந்தனர் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. ஆண்ட்ரூ வாட்சன் 1881இல் ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கி இங்கிலாந்தை 6-1 என வென்றவர். ஆனால், கால்பந்தாட்டத்தையே வாழ்வாதாரமாகக் கொண்டு, பல அணிகளில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடியவர் என்னும் வகையில் வார்ட்டனின் வாழ்க்கை தனித்து நிற்கிறது.

ராதர்ஹாமில் அவர் இல்லற வாழ்வையும் தொடங்கினார். 1890இல் எம்மா லிஸ்டரை மணந்தார். ஆட்டத்தில் கிடைத்த வருவாய் போதாமையால் விடுதி ஒன்றையும் நடத்தினார். ராதர்ஹாம் அணி 1893இல் கால்பந்து லீக்கின் இரண்டாம் பிரிவில் இடம்பெற்றது.

1894இல் முதல் பிரிவைச் சேர்ந்த ஷெஃபீல்டு யுனைடெட் அணிக்கு அவர் மாறினார். அங்கே அவருக்கு அமைந்த போட்டியாளர் எளியவர் அல்லர். வார்ட்டனைவிட ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இளையவரும், ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் பருத்த உடலும் கொண்டவருமான வில்லியம் ஃபோக் அவ்வணியின் மற்றோர் இலக்குக் காவலர். பின்னாளில் இங்கிலாந்து அணிக்காகவும் ஆடிய ஃபோக்கே முதலிடம் பெற்றார். 1895இல் சண்டர்லாண்டு அணிக்கு எதிரான லீக் ஆட்டத்தில் மட்டும் வார்ட்டனுக்கு வாய்ப்புக் கிட்டியது. அந்த ஆட்டத்தில் ஷெஃபீல்டு தோற்றது. ஆயினும், இங்கிலாந்தின் முதல் பிரிவு லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர் என்னும் சிறப்பை அந்த ஓர் ஆட்டம் அவருக்கு உரியதாக்கியது. அச்சிறப்பை அன்று எவரும் குறித்துவைக்கவில்லை.

அதன்பின் ராதர்ஹாம், ஸ்டேலிபிரிட்ஜ் ரோவர்ஸ், ஆஷ்டன் நார்த் எண்ட் என அணிக்கு அணி மாறினார். இறுதியாக ஸ்டாக்போர்ட் கவுண்டி அணிக்காக இரண்டாம் பிரிவில் ஆடி, 1902இல் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 36.

ஏளனமும் எதிர்வினையும்

திடலில் வார்ட்டனைக் கைதட்டி வரவேற்ற மக்கள் பலர். எனினும், இதழ்களில் அவரைக் குறித்து எழுதியோர் அனைவரும் நடுநிலையோடு எழுதவில்லை. அவர் சிறப்பாக ஆடியபோது, அது வியப்புக்குரிய வேடிக்கை எனக் காட்டப்பட்டது. தவறியபோதோ, அத்தவற்றுக்கு அவருடைய நிறமே காரணம் என்பதுபோல் எழுதப்பட்டது. பிரஸ்டன் அணிக்காக ஆடிய காலத்தில், விளையாட்டு இதழொன்றில் எழுதியவர், முக்கிய ஆட்டங்களில் அவரை நிறுத்துவது அணிக்குக் கேடு என்றும், கோலின் முன் வேடிக்கை காட்டக்கூடாது என்பது அவர் அறிவுக்கு எட்டவில்லையா என்றும், நிறத்தைச் சுட்டும் இழிசொல்லால் ஏளனம் செய்தார். ஆட்டத்திறன் பற்றிய குறை எந்த வீரர் மீதும் கூறப்படலாம். ஆனால், அக்குறையோடு பிறப்பையும் சேர்த்துப் பழிப்பது திறனாய்வு ஆகாது.

வார்ட்டன் இத்தகைய இழிவுகளைத் தலைகுனிந்து ஏற்றவரல்லர். ஓட்டப் போட்டி ஒன்றின்போது தம்மை நிறத்தால் இகழ்ந்து பேசிக்கொண்ட போட்டியாளர்களைக் குத்துச்சண்டைக்கு வருமாறு அவர் அழைத்ததாக ஒரு செய்தி உண்டு. அரச குடும்பத்தின் வழிவந்தவர் என்னும் பெருமிதமும், களத்தில் தம்மை மெய்ப்பித்தவர் என்னும் உறுதியும் அவரிடம் இருந்தன.

ஆயினும், தனிமனிதரின் பெருமிதம் ஒரு காலத்தின் போக்கை மாற்றிவிடுவதில்லை. அவர் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த அதே 1896இல், கோல்டு கோஸ்டின் அண்டையிலிருந்த அசாந்தி அரசின் மன்னர் பிரெம்பேயை ஆங்கிலேயர் சிறைபிடித்து நாடுகடத்தினர். ஆப்பிரிக்கரை வென்றதாகப் பெருமிதம் கொண்ட நாட்டில், ஆங்கிலேயரை வென்ற ஓர் ஆப்பிரிக்கரின் கதையைப் போற்றிப் பாதுகாக்கும் மனநிலை இல்லாமற்போனதில் வியப்பில்லை.

நிலத்தடியில் ஒரு வாழ்வு

தொழில்முறை வீரர்களுக்கு அந்நாளில் ஓய்வூதியம் கிடையாது. ஆடும் ஆற்றல் குறைந்ததும் வருவாயும் நின்றது. வார்ட்டன் உடலுழைப்பை நம்பியே வாழ வேண்டியிருந்தது. யார்க்‌ஷயர் மாவட்டத்தில் டான்காஸ்டருக்கு அருகிலுள்ள எட்லிங்டன் என்னும் சிற்றூரின் நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் தொழிலாளியாகச் சேர்ந்தார். நிலத்தடியில் வெட்டப்படும் கரியைச் சுமந்து செல்லும் வண்டிகளை நகர்த்தும் பணி அவருடையது. சூரிய ஒளியில் ஆயிரமாயிரம் மக்கள் காண ஓடிய கால்கள், விளக்கின் மங்கிய ஒளியில் சுரங்கப்பாதையில் நடந்தன.

சுரங்கத்தில் பணியாற்றிய காலத்திலும் கிரிக்கெட் மீதான ஆர்வத்தை அவர் விட்டுவிடவில்லை. யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளின் உள்ளூர் அணிகள் பலவற்றுக்காக அவர் கிரிக்கெட் ஆடியவர். அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவர் ஒரு சக தொழிலாளி. பேரரசின் தலைநகரில் பத்து வினாடிகளில் வென்றவர் என்பதை அறிந்தோர் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தனர். 1926இல் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள் ஊதியக் குறைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் வேலையின்றிப் போராடினர். அறுபது வயதை எட்டியிருந்த வார்ட்டன் அத்தொழிலாளர் குடியிருப்புகளின் வறுமைக்கு நடுவிலேயே வாழ்ந்தார்.

நோயுற்று நலிந்த அவர், 1930ஆம் ஆண்டு டிசம்பரில் தம் 65ஆம் வயதில் காலமானார். எட்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில், வறியோருக்குரிய மூன்றாம் நிலைப் பகுதியில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவ்விடத்தில் பெயர் பொறித்த கல் எதுவும் நடப்படவில்லை. புல் வளர்ந்து மூடிய அவ்விடத்தின் கீழ் யார் உறங்குகிறார் என்பதை வழிப்போக்கர் அறிய வழியில்லாமற்போயிற்று.

மீட்டெடுத்த மனிதர்கள்

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நிலை நீடித்தது. இதற்கிடையில் இங்கிலாந்தின் கால்பந்தாட்டம் பெரிதும் மாறியது. 1978இல் விவ் ஆண்டர்சன், இங்கிலாந்தின் முதன்மைத் தேசிய அணியில் முழுமையான சர்வதேச ஆட்டம் ஒன்றில் ஆடிய முதல் கறுப்பின வீரரானார். கறுப்பின வீரர்களின் எண்ணிக்கை திடல்களில் பெருகியபோது, அவர்களை இழித்துக் கூவும் குரல்களும் பார்வையாளர் பகுதியிலிருந்து எழுந்தன. கறுப்பினத்தார் இவ்விளையாட்டிற்கு அயலவர், நேற்று வந்தவர் என்னும் எண்ணமே அக்கூச்சலின் வேர். அந்த எண்ணம் பொய் என்பதை மெய்ப்பிக்கும் சான்று எட்லிங்டன் மண்ணில் புதைந்து கிடந்தது.

வரலாற்றாய்வாளர் ஃபில் வசிலி, பழைய இதழ்களையும் ஆவணங்களையும் பல்லாண்டுகள் ஆராய்ந்து வார்ட்டனின் வாழ்க்கையைத் தொகுத்தார். இனவெறுப்புக்கு எதிராக ஷெஃபீல்டில் இயங்கிய கால்பந்து ஆர்வலர் அமைப்பு ஒன்று, அவருடைய கல்லறைக்குப் பெயர் தரும் முயற்சியை மேற்கொண்டது. அதன் பயனாக, 1997இல் எட்லிங்டன் கல்லறையில் அவர் பெயர் பொறித்த கல் நடப்பட்டது. மறைந்து 66 ஆண்டுகளுக்குப் பின் அவர் உறங்கும் இடத்திற்கு ஒரு பெயர் கிடைத்தது.

2003இல் இங்கிலாந்துக் கால்பந்தின் புகழ்வாய்ந்தோர் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. டார்லிங்டனில் அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை ஒன்று அவருக்குச் சிலை எழுப்பப் பாடுபட்டது. 2014இல், இங்கிலாந்தின் தேசிய அணிகள் பயிற்சி பெறும் செயின்ட் ஜார்ஜ் பார்க் வளாகத்தில் 16 அடி உயர வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. உயரத் தாவி, குறுக்குக் கம்பத்திற்கு மேலே பந்தைத் தட்டிவிடும் தோற்றத்தில் அச்சிலை அமைந்துள்ளது. தேசிய அணிக்கு ஒருநாளும் அழைக்கப்படாத வீரரின் சிலை, இன்றைய தேசிய வீரர்கள் பயிற்சி பெறும் வளாகத்திலேயே நிற்கிறது.

நினைவு என்னும் கடமை

வார்ட்டனின் வாழ்க்கையில் புதிதாக எதுவும் 1997இல் நிகழவில்லை. அவருடைய பத்து வினாடி ஓட்டமும், பிரஸ்டன் ஆட்டங்களும், ஷெஃபீல்டில் கிடைத்த ஒற்றை வாய்ப்பும் நூறாண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்து முடிந்தவை. அவை பழைய இதழ்களின் பக்கங்களிலேயே இருந்தன. அவற்றைத் தேடிப் படித்து, பொருளுணர்ந்து, பிறருக்கு எடுத்துரைக்க மனிதர்கள் முன்வந்ததே புதுமை. ஆய்வாளர் ஒருவரின் பொறுமையும், எளிய ஆர்வலர்கள் திரட்டிய நிதியும், ஒரு நூற்றாண்டின் புறக்கணிப்பைத் திருத்தின.

அத்திருத்தம் வார்ட்டனுக்குப் பயன்படவில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை. சுரங்கத்தில் வண்டி இழுத்த முதியவருக்கு அந்தச் சிலை ஒரு வேளை உணவையும் தரவில்லை. வாழும் காலத்தில் மறுக்கப்பட்ட நேர்மையைக் கல்லும் வெண்கலமும் ஈடுசெய்ய இயலாது. ஆனால், நிறத்தின் பெயரால் இகழப்படும் ஓர் இளம் வீரர், தமக்கு முன்பே, லீக் போட்டிகள் தோன்றிய காலத்திலேயே, தம்மைப் போன்ற ஒருவர் அத்திடலில் நின்றார் என்பதை இன்று அறிய முடிகிறது. நீ இங்கு அயலவன் என்று கூவுவோருக்கு விடையாக, அக்ராவில் பிறந்த அந்த இலக்குக் காவலர் கை உயர்த்தி நிற்கிறார்.

கற்பவை கற்றபின்

1. வார்ட்டனின் வாழ்க்கையில் திருப்புமுனையாக அமைந்த முடிவுகளைக் காலவரிசைப்படி தொகுத்து, ஒவ்வொன்றின் விளைவையும் எழுதுக.

2. ஒரு வீரரின் ஆட்டத்தைத் திறனாய்வு செய்வதற்கும் அவருடைய பிறப்பைப் பழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

3. உங்கள் ஊரில் ஒரு காலத்தில் விளையாட்டிலோ கலையிலோ சிறந்து விளங்கி, இன்று பலரால் மறக்கப்பட்ட ஒருவரைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் வாழ்க்கைக் குறிப்பு எழுதுக.